தென்காசிக்குள் எத்தனை ஆங்கிலச் சொற்கள்?

கேள்வி: வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, கல்லிடைக்குறிச்சியில் வசிக்கிறேன். என் பேத்தி ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். ஏழு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்து, பத்து நிமிடங்களில் அவற்றைக் கொண்டு எத்தனை சொற்கள் எழுத முடிகிறது என்று அவள் பள்ளியில் போட்டி வைக்கிறார்கள். பயிற்சிக்காகக் கைபேசியில் தேடினால், நாங்கள் கொடுக்காத எழுத்துகள் கலந்த சொற்களே மிகுதியாக வருகின்றன. முறையாகத் தேட வழி உண்டா?

பதில்: கைபேசியின் மேல் குற்றமில்லை, ஐயா, நீங்கள் மனத்தில் வைத்த கேள்வி ஒன்று, அது புரிந்துகொண்ட கேள்வி வேறொன்று. 'இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்' என்ற தொடருக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. கொடுத்த எழுத்துகள் அனைத்தும் இருக்க வேண்டும், பிற எழுத்துகளும் சேரலாம் என்பது முதல் வகை. கொடுத்த எழுத்துகளுக்குள்ளேயே சொல் அடங்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் பயன்படுத்தும் கட்டாயமில்லை என்பது இரண்டாவது. கொடுத்த வரிசையிலேயே அவை ஒட்டி நிற்க வேண்டும் என்பது மூன்றாவது. ஆர், எஸ், டி என்ற மூன்றைக் கொடுத்தால் முதல் வகையில் 'ஸ்டார்' வரும். மூன்றாம் வகையில் 'ஃபர்ஸ்ட்' வரும். இரண்டாம் வகையிலோ, உயிரெழுத்து இல்லாததால், ஒன்றும் தேறாது. பேத்தியின் போட்டி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே தேடும் செயலியில் 'கன்டெய்ன்ஸ்' என்னும் கட்டத்தை விட்டுவிட்டு, 'அன்ஸ்கிராம்பிள்' என்னும் பகுதியில் எழுத்துகளை இடுங்கள்.

கையால் தேடும் பயிற்சியை நம் ஊர்ப் பெயர்ப் பலகைகளிலிருந்தே தொடங்கலாம். ஏரலை ஆங்கிலத்தில் எழுத இ, ஆர், ஏ, எல் என்ற நான்கு எழுத்துகள் போதும். நான்கையும் இடம் மாற்றினால் 24 வரிசைகள்தாம். அவற்றுள் 'ரியல்', இங்கிலாந்துப் பிரபுக்களின் பட்டமான 'ஏர்ல்' ஆகிய இரண்டும் மாணவர் அகராதியிலேயே இருக்கும். தென்காசிக்கு வந்தால் எழுத்துகள் ஏழு, வரிசைகள் 5040. அத்தனையையும் எழுதிப் பார்க்கப் பத்து நிமிடம் எங்கே போதும்? (பாபநாசம் வேண்டாம், அதன் ஒன்பது எழுத்துகளில் நான்கு 'ஏ', வேறு உயிரெழுத்தே கிடையாது.)

எனவே வரிசைகளை விட்டு, சொற்களில் வழக்கமாக வரும் துண்டுகளைத் தேட வேண்டும். தென்காசியின் டி, இ, என், கே, ஏ, எஸ், ஐ ஆகியவற்றை முதலில் வட்டமாக எழுதச் சொல்லுங்கள்; நேர்கோட்டில் எழுதினால் கண் ஊர்ப் பெயரையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும். அடுத்து, இருப்பவற்றுள் அரிதான எழுத்தைப் பிடிக்க வேண்டும். எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை 1930களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே வில்லைகளைப் பங்கிட்டார். ஆங்கிலப் பெட்டியின் 100 வில்லைகளில் 'இ' 12, 'கே' ஒன்றே ஒன்று. ஆகவே இங்கே தொடங்க வேண்டிய இடம் 'கே'. அதன் முன் 'ஏ'யும் பின் 'இ'யும் வைத்தால் டேக், ஸ்டேக், ஸ்னேக் என வரும். 'ஐ, என்' முன்னே நின்றால் இங்க், சிங்க், ஸ்டிங்க். 'ஏ, என்' நின்றால் டேங்க், சேங்க். 'கே' தீர்ந்தபின் 'ஏ, ஐ, என்' என்ற துண்டுக்குப் போனால் ஸ்டெயின் கிடைக்கும். அதே எழுத்துகளை இடம் மாற்றினால் செயின்ட், சாட்டின். கடைசியாக 'எஸ்' எழுத்தைப் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிப் பார்க்க வேண்டும். 'இன்டேக்' என்ற ஆறெழுத்துச் சொல்லோடு அதைச் சேர்த்தால் 'இன்டேக்ஸ்'. தென்காசியின் ஏழு எழுத்துகளும் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அதில் அடங்கிவிடுகின்றன.

நம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் ஒலியால்தான். தமிழில் எழுதியபடியே படித்துப் பழகியவர்கள் ஆங்கிலச் சொல்லையும் முதலில் காதால் தேடுகிறார்கள்; அதனால் 'கே' ஒலிக்காத 'நிட்' போன்ற சொற்கள் நினைவுக்கு வருவதில்லை. கம்பத்தைக் குறிக்கும் ஸ்டேக், இறைச்சித் துண்டைக் குறிக்கும் ஸ்டேக் இரண்டும் ஒரே ஒலி, ஒரே ஐந்து எழுத்துகள், ஆனால் எழுத்து வரிசை வேறு; காதால் தேடுகிற பிள்ளை ஒன்றை எழுதியதும் மற்றதை விட்டுவிடும். இன்னொரு பிழை, இருப்பதற்கு மேல் செலவழிப்பது: தென்காசியில் 'டி' ஒன்றுதான் என்பதால் 'டேஸ்ட்' செல்லாது. நெல்லையில் 'எல்' இரண்டு உண்டு. அங்கே ஆல், இல் இரண்டும் செல்லும். அந்த ஆறு எழுத்துகளையும் முழுதாகப் பயன்படுத்தினால் வருவது 'லீனியல்'. வாரிசுச் சான்றிதழ்களோடு காலம் கழித்த உங்களுக்கு நேர்வழி வாரிசைக் குறிக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பேத்தி புதிதாக ஒரு சொல்லைக் கற்றதும், அதன் எழுத்துகளை அகர வரிசைப்படி அடுக்கித் தலைப்பாக எழுதி, அதன்கீழ் அந்தச் சொல்லை எழுதட்டும். மேற்சொன்ன இரண்டு ஸ்டேக்குகளும், ஸ்கேட்டும், டேக்ஸும், தேக்கு மரத்தின் பன்மையான டீக்ஸும் 'ஏ, இ, கே, எஸ், டி' என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்து சேரும். கணினி நிரல்களும் எழுத்து மாறிய சொற்களைத் தேட இந்த உத்தியையே கையாளுகின்றன, ஏனெனில் வேலை வெகுவாகக் குறைகிறது: ஒன்றுக்கொன்று வேறான ஏழு எழுத்துகளிலிருந்து மூன்றோ அதற்கு மேலோ எடுத்தால் கிடைக்கும் தலைப்புகள் 99 மட்டுமே.

போட்டிக்கு முன் ஆசிரியரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அகராதியை வைத்துத் திருத்துவார்கள் என்பது ஒன்று. செயலிகள் காட்டும் விளையாட்டுப் பட்டியல்களில், பள்ளி அகராதியில் இல்லாத சொற்கள் ஏராளம். பன்மைக்கு மதிப்பெண் உண்டா என்பது மற்றொன்று. இல்லையென்றால், தென்காசியிலும் 'இன்டேக்' என்ற ஆறெழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.