உடம்புக்குள் சத்து கிடைக்காவிட்டால் நோய்க்கிருமிகள் எப்படிப் பிழைக்கின்றன?

பெரும்பாலான கிருமிகள் பெருக இரும்புச்சத்து வேண்டும். நம் ரத்தத்தில் அது சும்மா மிதப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்கிற புரதம் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், தொற்று வந்தால் உடம்பு இன்னும் பதுக்கும். கிருமியைப் பட்டினி போடுவதும் ஒரு எதிர்ப்புச் சக்திதான்.

சரி, கிருமி என்ன செய்யும்? ஈ.கோலை மாதிரியானவை சிடரோஃபோர் என்ற சின்ன மூலக்கூறை வெளியே விடும்; கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவி எடுப்பது போல அது இரும்பைக் கவ்வி இழுத்து வரும். நம் உடம்பும் லேசுப்பட்டதில்லை, அந்தக் கரண்டியையே பிடுங்க ஒரு புரதம் வைத்திருக்கிறது. சால்மோனெல்லா என்ற குடல் கிருமி அதற்கும் ஒரு படி மேலே போய், கரண்டியில் சர்க்கரை மூலக்கூறை ஒட்டி அந்தப் பிடியில் சிக்காமல் நழுவிவிடும். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோயின் கிருமி கதையே வேறு, இரும்பே வேண்டாம் என்று மாங்கனீசை வைத்து ஓட்டுகிறது.

இதைப் படித்துவிட்டு, ரத்தசோகைக்குத் தந்த இரும்பு மாத்திரை கிருமிக்குத் தீனி என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் நேரத்தில் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே போதும்.