கணினி கேள்வி–பதில்: கன்டெய்னருக்குள் ப்ரோலாக்

கேள்வி: எம்.சி.ஏ. கடைசி வருஷம் சார். ‘கம்பத்திலிருந்து குமுளி’ என்று கொடுத்தால் பஸ் வழி சொல்லும் ப்ரோலாக் (விதிகளிலிருந்து விடை தேடும் கணினி மொழி) புரோகிராம்தான் என் புராஜெக்ட். காலேஜ் லேபில் ஓடுகிறது. என் லேப்டாப்பில் ‘லிஸ்ட் வேண்டும், ஸ்ட்ரிங் வந்திருக்கிறது’ என்று எரர் காட்டுகிறது. டாக்கரில் போட்டால் சரியாகும் என்கிறான் நண்பன். ஆகுமா?
– வாசகி, கம்பம்

பதில்: ஆகாதும்மா. ஒரு புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு ‘கன்டெய்னர்’ என்ற பெட்டிக்குள் வைத்து ஓட்டுவதுதான் டாக்கர். லேபில் இருப்பது எஸ்டபிள்யூஐ ப்ரோலாக் என்ற மென்பொருளின் 7-க்கு முந்தைய பதிப்பாக இருக்கும். அதில் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் எழுத்துகளின் எண்கள் ஒரு லிஸ்டாக வரும். 7-இல் அதை ஸ்ட்ரிங் என்ற தனி வகை ஆக்கிவிட்டார்கள். உங்கள் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கும் ‘ஃப்ரேஸ்’ (phrase) என்ற கட்டளை லிஸ்டைத்தான் வாங்கும். டாக்கரின் அதிகாரபூர்வ ப்ரோலாக் இமேஜிலும் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) புதிய பதிப்புதான், எரரும் உங்களோடு உள்ளே வரும்.

ஃப்ரேஸுக்குக் கொடுக்கும் வாக்கியத்துக்கு மட்டும் இரட்டை மேற்கோளை எடுத்துவிட்டு, கீபோர்டில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த குறியைப் போடுங்கள். ஒரு வரியையும் தொட மனமில்லையா? ‘--டிரெடிஷனல்’ என்ற ஆப்ஷனோடு ப்ரோலாக்கைத் தொடங்கினால் பழையபடி நடந்துகொள்ளும்.

அதற்காக டாக்கர் வீண் என்று சொல்லமாட்டேன். வைவா அன்று எக்ஸ்டர்னலின் (வெளியிலிருந்து வரும் தேர்வாளரின்) கம்ப்யூட்டரில் எந்தப் பதிப்பு இருக்குமோ, யார் கண்டது! கன்டெய்னர் என்றால் நீங்கள் சோதித்த அதே பதிப்பு அங்கேயும் ஓடும். ஆனால் இமேஜை ‘லேட்டஸ்ட்’ என்று இழுக்காதீர்கள், அது நாளைக்கே வேறாகலாம். பதிப்பு எண்ணைச் சொல்லியே எடுங்கள்.

ஓட்டும்போது ‘-ஐடி’ (-it) மறந்தால் ப்ரோலாக் தட்டச்சுக்குக் காத்திருக்காது. வந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். டாக்கர் கெட்டுவிட்டது என்று பாதிப் பேர் அழுவது இங்கேதான். ஃபைல்கள் உங்கள் ஃபோல்டரிலேயே இருக்கட்டும், ‘-வி’ கொடுத்து அதை உள்ளே காட்டினால் போதும். ‘--ஆர்எம்’ போட்டிருந்தால் வெளியே வந்ததும் கன்டெய்னர் அழிந்துவிடும். அதற்குள்ளேயே எழுதிவைத்த ஃபைலும் அதோடு போச்சு. விண்டோஸ் என்றால் பொதுவாக டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வேண்டும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் டாக்கர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

அப்புறம், ஊர்ப்பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்களேன். ஆங்கிலப் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்கும் சொல்லைத்தான் ப்ரோலாக் வேரியபிள் (விடை வந்து நிரம்பும் இடம்) என்று எடுக்கும். தமிழில் பெரிய எழுத்தே இல்லையே! கம்பம், குமுளி எல்லாம் அப்படியே ஊராக நிற்கும், வேரியபிளுக்கு மட்டும் முன்னால் ஓர் அடிக்கோடு போடுங்கள். கட்டப்பனைக்குக் கேட்டால் முதலில் குமுளி வழி வரட்டும். அடுத்த விடைக்காகச் செமிகோலன் தட்டினால் கம்பம்மெட்டு வழியும் வரவேண்டும். அது வராத புரோகிராமுக்கு நான் எக்ஸ்டர்னலாக இருந்தால் மார்க் போடமாட்டேன்.

கேள்வி: மலைமேல் நெட் இழுவையோ இழுவை. லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இமேஜைத் தனித்தனியாக இறக்க வேண்டுமா?
– ஆசிரியர், நெடுங்கண்டம்

பதில்: வேண்டாம் சார். கீழே தேனிப் பக்கம் வரும்போது ஒரு லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளுங்கள். ‘டாக்கர் சேவ்’ கொடுத்தால் இமேஜ் ஒரே டார் ஃபைலாக வரும். பென்டிரைவில் கொண்டுபோய் மற்றவற்றில் ‘டாக்கர் லோட்’ செய்யுங்கள், நெட்டே வேண்டாம். சேவ் செய்யும்போது இமேஜின் பெயரையும் பதிப்பையும் சொல்லிச் செய்யுங்கள். இமேஜின் ஐடி (ID) எண்ணை மட்டும் கொடுத்தால் அந்தப் பக்கம் பெயரில்லாமல் போய் உட்காரும், பிள்ளைகள் தேடித் தவிப்பார்கள்.