விண்வெளிப் படம் ஒரே இருட்டு, வசனமும் புரியவில்லை: குறை படத்திலா, தியேட்டரிலா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். புதிதாக வந்த பெரிய விண்வெளிப் படத்தை ராமநாதபுரம் பக்கம் ஒரு தியேட்டரில், தமிழ் டப்பிங்கில், 3டியில் பார்த்திருக்கிறீர்கள். கிரகக் காட்சிகள் சாம்பல் பூசியது போல இருந்தன, முகமூடி மாட்டியவர்கள் பேசியது விளங்கவில்லை, வெளியே வரும்போது தலைவலி. மதுரையில் பார்த்த நண்பரோ அதே படத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் சரிதான். இருட்டுக்குப் பெரும்பாலும் தியேட்டர் பொறுப்பு. வசனத்தில் படத்துக்கும் தியேட்டருக்கும் பாதிப் பாதி. தலைவலியைப் பிறகு பார்ப்போம்.

'நம்ம ஊருக்கு வந்த பிரிண்ட் சரியில்லை' என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடுங்கள். ரீல் காலத்தில் அது உண்மை. பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்த பிரதிதான் கடைசியாகக் கரையோரம் வந்து சேரும். இப்போது வருவது டிசிபி என்னும் கோப்பு. அது ஓட ஓடத் தேய்வதில்லை. டிஜிட்டல் சினிமாத் தரக் கருவி உள்ள தியேட்டர் என்றால் மதுரையில் ஓடுவதும் இங்கே ஓடுவதும் ஒரே கோப்புதான். வித்தியாசம் வருவதெல்லாம் கோப்புக்கு அப்புறம் இருப்பவற்றில்: விளக்கு, லென்ஸ், கேபின் (புரொஜெக்டர் அறை) கண்ணாடி, திரை, ஸ்பீக்கர், சுவர்.

வெளிச்சத்தில் தொடங்குவோம். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), இன்னொரு அலகில் 48 நிட், வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. 3டியில் ஒரே புரொஜெக்டர் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் மாறி மாறிப் படம் காட்டுகிறது. ஒரு கண்ணுக்குப் படம் போகும்போது மறுகண் இருட்டில் இருக்கும். அங்கேயே பாதி போயிற்று. இரண்டு கண்ணுக்குமான ஒளியைப் பிரித்தறிய லென்ஸ் முன் வைக்கும் போலரைசர் என்னும் வடிகட்டி மீதியில் பாதிக்கு மேல் தின்றுவிடும். நீங்கள் மாட்டும் 3டி கண்ணாடி இன்னும் கொஞ்சம் குறைக்கும். கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது நூற்றில் பதினைந்து பங்கு அளவில்தான். அதை ஈடுகட்டத்தான் சாதாரணத் திரைக்குப் பதில், ஒளியைக் கூடுதலாகத் திருப்பும் வெள்ளித்திரை போடுகிறார்கள். அப்படியும் நன்றாகப் பராமரிக்கும் தியேட்டரே 3டியில் 4 அல்லது 4.5 ஃபுட்லாம்பர்ட் கொடுத்தால் நல்ல மதிப்பெண். ஸ்டுடியோக்களுக்கு இது தெரியும். அதனால் 3டிக்கென்று தனியாக வண்ணத் திருத்தம் செய்து, காட்சிகளின் வெளிச்சத்தைச் சற்றுத் தூக்கித்தான் அனுப்புகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், செனான் விளக்கு பழசாகும்போது கண்ணாடிக் குமிழின் உள்பக்கம் கறுத்து, வெளிச்சம் இறங்கிக்கொண்டே வரும். பெரிய வாட் விளக்குக்கு ஆயுள் சில நூறு மணி நேரம்தான், சின்னதற்கு 2,000, 3,000 மணி வரை போகும். விலை அதிகம் என்பதால் ஆயுள் முடிந்த பிறகும் ஓட்டுவார்கள். வெளிச்சம் பாதியாகிவிட்டால் 2டியில் 7 ஃபுட்லாம்பர்ட் மிச்சம் இருக்கும். கண் அதற்குப் பழகிக்கொள்ளும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே விளக்கில் 3டி போட்டால் 2 ஃபுட்லாம்பர்ட்டுக்கு வந்துவிடும். அந்த அளவில் கண்ணின் நிறம் உணரும் திறனே தளர்ந்துபோகும். போன வாரம் அதே தியேட்டரில் குடும்பப் படம் பளிச்சென்று இருந்ததே என்று நீங்கள் குழம்பினால், காரணம் இதுதான். பகல் வெளிச்சத்தில் எடுத்த கல்யாணக் காட்சி எதையும் தாங்கும். கறுப்பு வானமும் புழுதிக் கிரகமும் தாங்காது.

இனி நம் கரையோரத்துக்கே உரிய தொல்லை: உப்பு. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கீழக்கரை, ஏர்வாடிப் பக்கமும், வாடை அடிக்கும் மாதங்களில் தொண்டி, தேவிபட்டினம் பக்கமும் காற்றோடு உப்பு உள்ளே வருவது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது அடுத்த படி. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். ராத்திரிக் காட்சி முடிந்து ஏசியை நிறுத்தி, கதவையும் திறந்து விட்டால், விடியும் வரை கேபினுக்குள் அதுதான் நடக்கும். கேபின் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் பிடிக்கும். பூச்சு இல்லாத சுத்தமான கண்ணாடியே இரண்டு பரப்புகளிலும் சேர்த்து 8 சதவீத வெளிச்சத்தைத் திருப்பிவிடும். படலம் பிடித்தால் மீதி வெளிச்சம் சிதறும். சிதறிய ஒளி போய் விழுவது திரையின் கறுப்புப் பகுதியில். நட்சத்திரங்களுக்கு நடுவில் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம் தெரிந்ததென்று எழுதியிருக்கிறீர்களே, விளக்கை விட இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சரிசெய்ய ஆகும் செலவு ஒரு மென்துணியும் கண்ணாடி துடைக்கும் திரவமும். இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திரையை மட்டும் அப்படித் துடைக்கக் கூடாது. வெள்ளித்திரையில் இருப்பது அலுமினியத் துகள் பூச்சு. ஈரத்துணி பட்ட இடம் நிரந்தரத் தழும்பாகிவிடும். வெளிச்சக் காட்சிகளில் திரையில் கைவீச்சு அகலத்துக்குத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், யாரோ நல்லெண்ணத்தில் துடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

புரொஜெக்டரின் காற்று வடிகட்டியும் உப்புத் தூசியில் சீக்கிரம் அடைபடும். அடைபட்டால் உள்சூடு ஏறி, கருவி எச்சரிக்கை காட்டும், சில நேரம் அணைந்தேவிடும். படம் நடுவில் நின்றால் கூட்டம் 'கரண்ட் போச்சு' என்று கத்துகிறது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் போனது கரண்ட் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சோதிக்கச் சில வழிகள் உண்டு. வெளிச்சமான காட்சியில் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். கழற்றினால் படம் இரட்டையாகத் தெரிந்தாலும் நல்ல பளிச்சென்று இருக்க வேண்டும். கழற்றியும் மங்கல் என்றால் விளக்கோ கேபின் கண்ணாடியோ காரணம். அடுத்து, கண்ணாடியோடு ஒரு கண்ணை மூடி, மாற்றி மூடிப் பாருங்கள். இரண்டு கண்ணுக்கும் பிம்பம் லேசாக இடம் மாற வேண்டும். மாறவே இல்லையென்றால் 3டியே ஓடவில்லை. ஒரு கண்ணில் மட்டும் நிழல் பிம்பம் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்க வடிகட்டி அழுக்கு அல்லது கீறல். வேறு கண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒன்றுக்கொன்று மாறிப்போவது இன்னொரு வகை. தூரத்து மலை முன்னால் நிற்கும், பக்கத்து ஆள் குழிக்குள் இருப்பார். 'ஏதோ சரியில்லை' என்ற உணர்வு மட்டும்தான் இருக்கும், என்னவென்று சொல்லத் தெரியாது. பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் சந்தேகமே இல்லை, கேபினுக்கு ஆள் அனுப்புங்கள். ஆபரேட்டருக்கு அது ஒரு பொத்தான் வேலை. உங்கள் தலைவலிக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

2டிக் காட்சியே இருட்டாக இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முந்தைய காட்சி 3டியா? லென்ஸ் முன்னால் வைத்த போலரைசரை நகர்த்த மறந்துவிட்டு 2டியை ஓட்டுவது உலகம் முழுக்க நடக்கிற சங்கதி. வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

ஒலிக்கு வருவோம். படத்தின் ஒலியைக் கலந்தவர்கள் டால்பி கருவியில் ஃபேடர் (ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ்) 7 என்ற அளவில் வைத்துக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த அளவில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் சோதனை ஒலிக்கு 85 டெசிபெல் தர வேண்டும். தியேட்டர்களில் 7 வைப்பது அபூர்வம். விளம்பரங்களும் டிரெய்லர்களும் காதைக் கிழிப்பதால், புகார் வந்து, 5க்கோ 4.5க்கோ இறக்குகிறார்கள், படம் தொடங்கியதும் ஏற்ற மறந்துவிடுகிறார்கள். 4க்கு மேல் ஃபேடரில் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 3.3 டெசிபெல். 7இலிருந்து 4க்கு வந்தால் 10 டெசிபெல் குறைவு. காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தோன்றும். வெடிச் சத்தம் பாதியானாலும் கேட்கும். முணுமுணுக்கும் வசனம் பாதியானால், சுவரில் ஓடும் மின்விசிறிச் சத்தத்துக்குக் கீழே போய்விடும். எனவே போய்ச் சொல்லும்போது 'சவுண்டு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'அண்ணே, ஃபேடர் எத்தனையில ஓடுது? படத்துக்கு ஒரு பாயிண்ட் ஏத்தி வைங்க' என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்த ஆள் என்று உடனே கவனிப்பார்கள்.

ஏற்றியும் வசனம் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தால் நடு ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. ச, ஸ, ஷ ஒலிகள் தெளிவில்லாமல் இருந்தால், மேல்ஸ்தாயி டிரைவர் (கூர்மையான ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர் பகுதி) எரிந்திருக்கும், அல்லது இணைப்பு முனை பச்சை பூத்திருக்கும், அல்லது திரையின் துளைகள் அடைந்திருக்கும். திரையில் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய துளைகள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒலி அதன் வழியாகத்தான் வருகிறது. ஈர உப்பும் தூசியும் சேர்ந்தால் முதலில் தடுக்கப்படுவது இந்த மேல்ஸ்தாயிதான். பின்னணியில் ஓயாமல் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால் அது எர்த்திங் அல்லது அரித்துப்போன கேபிள் முனை. படத்தில் வரும் விண்கலத்தின் எஞ்சின் இல்லை.

சுவர் இன்னொரு காரணம். ஒலி உறிஞ்சும் துணியும் கண்ணாடிக் கம்பளியும் கரையோரத்தில் பூஞ்சை பிடித்து நைந்துவிடும். கழற்றிப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பு அடித்தால் கூடம் எதிரொலிக்கும். படம் தொடங்குமுன் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சத்தம் ஒரு நொடிக்கு மேல் இழுத்தால் அந்தக் கூடத்தில் வேகமான வசனம் ஒன்றன்மேல் ஒன்று விழும். இங்கே கூட்டம் உதவும், ஏனென்றால் உடம்பும் உடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்க, பள்ளி விடுமுறையும் சேர்ந்துவிடும். அந்த நாட்களில் நிறைந்த காட்சிக்குப் போனால், அதே தியேட்டர் காலியாகக் கிடந்த பகல் காட்சியை விடத் தெளிவாகக் கேட்கும். விசில் சத்தம் தனிக் கணக்கு.

இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுவது படத்தின் குறை. முகமூடிக் குரலை இசைக்குக் கீழே புதைத்தது இயக்குநர் தரப்பின் விருப்பம். மதுரையிலும் அது அப்படித்தான் இருந்திருக்கும், உங்கள் நண்பர் ஆர்வத்தில் மன்னித்திருப்பார். டப்பிங்கில் இது இன்னும் மோசமாகும். இசையும் சத்தங்களும் தனித் தடத்தில் தயாராக வர, தமிழ்க் குரலை மட்டும் மேலே ஏற்றுகிறார்கள். முகமூடிக்குள்ளிருந்து வரும் கரகரப்பைப் புதிதாகச் சேர்க்கும்போது சொல் அடிபட்டுப்போகும். அடுத்து, நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் கேமராவை வேகமாகச் சுழற்றினால் 3டியில் பிம்பம் துள்ளும். துரத்தல் காட்சிகளில் கண் வலித்ததற்கு அது போதுமான காரணம். எந்தத் தியேட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இடைவேளை பற்றிக் கோபப்பட்டிருந்தீர்கள். ஹாலிவுட் படங்களில் பொதுவாக இடைவேளை என்று ஒன்று எழுதப்படுவதே இல்லை. பாதி நேரம் பார்த்து இங்கே வெட்டுகிறார்கள். உச்சத்தில் ஏறும் காட்சியை முறுக்கு வாங்குவதற்காக நிறுத்தியது எழுத்தாளர் குற்றம் ஆகாது.

மறுபடி பார்ப்பதாக இருந்தால் அதே ஊரில் 2டியில் பாருங்கள். 3டிக்கென்றே மதுரை போவதில் நியாயம் உண்டு. இங்கே 3டிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் இல்லை. இருக்கை எடுக்கும்போது திரையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி, நடுவில் எடுங்கள். 15 மீட்டர் திரைக்கு அது 23 மீட்டர். ஒலியைச் சரிபார்ப்பவர்கள் மைக் வைப்பதும் கூடத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில்தான், பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும். முன்வரிசைதான் பிரமாண்டம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2கே, அதாவது குறுக்கே சுமார் 2,000 புள்ளிகள் காட்டும் புரொஜெக்டரில், 15 மீட்டர் அகலத்தில், ஒரு புள்ளியே 7 மில்லிமீட்டர் இருக்கும். 10 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். வெள்ளித்திரை உள்ள தியேட்டரில் ஓர இருக்கை வேண்டவே வேண்டாம். அந்தத் திரை ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும், ஓரத்துக்குப் போவது கொஞ்சம்தான். நடு இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த காட்சிக்கு எடுங்கள்.