பிரசவ வார்டுக்குப் பூண்டுக் குழம்பு கொண்டு போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: அடுத்த மாதம் மனைவிக்கு சிசேரியன். தேவகோட்டையிலிருந்து மாமியார் வந்து இறங்கிவிட்டார். பெட்டி நிறைய லேகியம், பூண்டு, கருவாடு. இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் வீட்டுச் சாப்பாடு விடுவார்களா, விடாவிட்டால் ஆச்சியை எப்படிச் சமாளிப்பது?

நானும் காரைக்குடிப் பக்கம்தான். என் பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை, இரண்டு தடவையும் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். அதனால் உங்கள் கவலை எனக்கு நன்றாகவே புரிகிறது.

இங்கத்திய அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். முழுக்க ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு ஆஸ்பத்திரி நிர்வாகமும் தனக்கென்று ஒன்று வைத்திருக்கும், சில இடங்களில் வார்டுக்கு வார்டு மாறும். பொதுவாக நான் பார்த்தவரை பழம், பிஸ்கட், பாட்டில் ஜூஸ், காய்ந்த பலகாரம் கொண்டு போனால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டை தாராளமாகக் கொண்டு போகலாம். சோறு, குழம்பு, மீன், முட்டை, பால் சேர்ந்தது என்றால்தான் யோசிப்பார்கள். பல இடங்களில் வேண்டாம் என்பார்கள். விட்டாலும், கொண்டு வந்த உடனே சாப்பிட வேண்டும், மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பார்கள். சூடு பண்ணித் தரச் சொன்னால் அநேகமாக முடியாது என்றுதான் பதில் வரும். ஃபிரிட்ஜில் வைக்க அனுமதி உண்டென்றால் பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாத டப்பா மறுநாள் குப்பைக்குப் போயிருக்கும்.

ஊரில் ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போனால் மரியாதை இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடி, தூக்குவாளியில் கஞ்சி என்று எதையாவது கொண்டுபோக வேண்டும். படுத்திருப்பவருக்குச் சோறு போடுவது சொந்தக்காரர்கள் பொறுப்பு. இங்கே மூன்று வேளையும் வார்டே தரும். அதைத் தின்று யாருக்காவது வயிறு கெட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். எப்போது சமைத்தது, எதில் வந்தது என்று தெரியாத டப்பாவைக் கண்டு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அதிலும் சோறுதான் பெரிய தலைவலி. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்கும். அதன் வித்து கொதியிலும் சாகாது. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகி விஷத்தைச் சேர்த்துவிடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. வடித்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்வதும், சூடாகப் பரிமாறும் உணவை 63 டிகிரிக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பதும் இதனால்தான். "பழைய சோறு தின்று வளர்ந்த உடம்பு" என்று ஆச்சி சொல்வார். இருக்கட்டும். முந்தாநாள் வயிற்றைக் கிழித்துத் தைத்த உடம்பும் அதுவும் ஒன்றா?

என் சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் பிரசவத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் அம்மா கட்டிலருகே தூக்குவாளியைத் திறந்ததுமே பூண்டும் நல்லெண்ணெயும் சேர்ந்து அந்த அறையையே நிறைத்துவிட்டது. எதிர்க்கட்டிலில் மயக்க மருந்து தெளியாத ஒரு பெண் வாந்தி எடுக்கக் கிண்ணம் கேட்டாள். பிரசவம் பார்க்கும் மிட்வைஃப் ஓடி வந்தார், கோபப்படவில்லை. "எத்தனை மணிக்குச் சமைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். விடியற்காலையில் என்றார் அந்த அம்மா. அப்போது பிற்பகல் ஆகிவிட்டது. மூடி அப்படியே திரும்ப விழுந்தது. அதே மிட்வைஃப்தான் மறுநாள், வரும் வழியில் சூடாக வைத்துக் கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட விட்டார். ஆக, திறக்கும் முன் கேட்டுவிடுங்கள். ஒளித்துக் கொண்டு போக வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு கிண்ணம் நீட்டும் பழக்கத்தை மட்டும் ஆச்சி விட்டுவிட வேண்டும். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒவ்வாமைப் பொருட்கள் என்று 14 குறித்திருக்கிறார்கள். அதில் எள்ளும் உண்டு, கடுகும் உண்டு. நல்லெண்ணெயும் கடுகும் இல்லாமல் நம் ஊரில் எந்தக் குழம்பைத் தாளிக்கிறோம்? அந்தப் பெண்ணுக்கு எதற்கு ஒவ்வாமை, சர்க்கரை இருக்கிறதா, அறுவைக்காகப் பட்டினி போட்டிருக்கிறார்களா என்று நமக்கு எப்படித் தெரியும்?

பட்டினி என்றதும் ஞாபகம் வருகிறது. சிசேரியனுக்கு முன் வழக்கமாக 6 மணி நேரம் திட உணவு கூடாது, வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை சரி. உங்களுக்குத் தந்த தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. "ஒரு வாய் காபிதானே" என்று யாராவது ஊற்றிக் கொடுத்தால் அறுவையையே தள்ளிப் போடுவார்கள். முடிந்த பிறகு ஆச்சிக்கு ஆச்சரியமாக இருக்கும்: பசித்ததும் சாப்பிடலாம், தாகம் எடுத்ததும் குடிக்கலாம் என்பார்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைக்கிற பத்தியம் இங்கே செல்லாது. மலச்சிக்கலுக்கும், கால் நரம்பில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் தண்ணீர் குடிக்கத்தான் சொல்வார்கள். வெந்நீர்தான் வேண்டும் என்றால் ஃபிளாஸ்க்கில் வெதுவெதுப்பாகக் கொண்டு போங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சூடாக எதையும் குடிக்க வேண்டாம்.

லேகியத்தை வார்டுக்குள் கொண்டு போகவே வேண்டாம் என்பேன். ரத்தம் உறையாமல் இருக்கப் பலருக்கு ஊசி போடுவார்கள், அதோடு எது ஒத்துப்போகும் என்று டாக்டரைக் கேட்காமல் சொல்ல முடியாது. நாட்டு மருந்து சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்ததாக இங்கே எச்சரிக்கை வந்திருக்கிறது. ஊரில் தெரிந்த கைப்பக்குவம் என்றாலும் டப்பாவில் இருப்பதை எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அந்த வார்டில் இன்னொரு நோயாளியும் இருக்கிறது, உங்கள் பிள்ளை. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை வைக்க ஆச்சி தேனோ சர்க்கரைத் தண்ணீரோ முந்தானைக்குள் வைத்திருப்பார், கவனமாக இருங்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து உடம்பையே தளரச் செய்துவிடும், பொட்டுலிசம் என்பார்கள். உரைமருந்தும் வேண்டாம். சடங்கு விட்டுப்போகக் கூடாது என்று ஆச்சி பிடிவாதம் பிடித்தால், தாய்ப்பாலைச் சொட்டு விட்டுப் பெரியவர் கையால் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், அப்பத்தாவும் போனில் சரி என்றார்.

நர்ஸுகளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். கிளம்பும் அன்றைக்கு, மேலே பொருட்பட்டியல் அச்சிட்ட, உடைக்காத கடைப் பெட்டியாகக் கொடுங்கள்.

ஆச்சியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சிக்கல் எதுவும் இல்லாவிட்டால் சிசேரியனுக்கு இங்கே ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒன்றிரண்டு நாளுக்கு ஆஸ்பத்திரியின் சைவ மெனுவும் கைமுறுக்கும் போதும். பூண்டை இப்போதே உரித்து ஃபிரீசரில் போட்டு வைக்கட்டும், பெண் படியேறிய அன்று மத்தியானமே குழம்பு கொதிக்கலாம். கருவாட்டை வறுக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், இங்கத்திய புகை அலாரம் பச்சைப் பிள்ளையை எழுப்பிவிடும்.