எல்லையிலிருந்து 100 மைல்: அமெரிக்கச் சோதனை அதிகாரம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்க எல்லையிலிருந்து 100 மைலுக்குள் அரசியலமைப்புச் சட்டம் செல்லாது என்கிறார்களே?

பதில்: அது தவறு, வீண் அச்சத்தை விதைக்கும் பேச்சு என்பதால் அழுத்தியே சொல்கிறேன். எல்லையிலிருந்து நியாயமான தொலைவுக்குள், ஆவணமின்றித் தங்கியிருப்போரைத் தேடிக் குடியேற்ற அதிகாரிகள் வாரண்ட் இல்லாமல் வாகனங்களில் ஏறலாம் என்கிறது குடியேற்றச் சட்டம். அத்தொலைவை 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர், என வரையறுத்தது அரசு விதியே. கடற்கரையும் எல்லையாகவே கொள்ளப்படுவதால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் இதற்குள் வருகின்றன. ஆயினும் முறையற்ற சோதனையைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் அங்கும் செல்லும். எல்லைக்குச் சுமார் 25 மைல் வடக்கே, எல்லை ரோந்துப் படையினர் தகுந்த காரணமின்றி ஒரு காரைச் சோதித்தது செல்லாது என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொன்னால் என்ன செய்வது?

பதில்: நிறுத்துவது வேறு, விசாரிப்பது வேறு, சோதிப்பது வேறு, இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் சான் கிளமென்டி சாவடி பற்றிய 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, நிரந்தரச் சாவடியில் எவரையும் சந்தேகமின்றியே நிறுத்திச் சுருக்கமாக விசாரிக்கலாம். ஆனால் டிக்கியைச் சோதிக்க உங்கள் சம்மதமோ தகுந்த காரணமோ வேண்டும். “பார்க்கலாமா?” என்று இயல்பாகக் கேட்பார்கள், நீங்கள் தலையசைத்தாலே அது சம்மதம் ஆகிவிடக்கூடும். “சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை” என்று அமைதியாகச் சொல்லுங்கள். மீறிச் சோதித்தால் கையால் தடுக்க வேண்டாம், அதை நீதிமன்றத்தில் எதிர்த்துக்கொள்ளலாம். பொய் மட்டும் கூடவே கூடாது. 18 வயது நிறைந்த கிரீன் கார்டுதாரர் அந்த அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

கேள்வி: பேருந்தில் மேல்தட்டில் வைத்த பையைத் தொட்டுப் பார்க்கலாமா?

பதில்: டெக்சாஸில் ஒரு சாவடியில், பேருந்தை விட்டு இறங்கும் வழியில் அதிகாரி ஒருவர் மேல்தட்டுப் பைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், ஒன்றில் செங்கல் போன்ற கட்டி விரலில் தட்டுப்பட்டது, உள்ளே போதைப்பொருள் இருந்தது. அப்படியிருந்தும், பையை அவ்வாறு துழாவுவதே சோதனைதான், அது நான்காவது திருத்தத்தை மீறுவது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. குற்றம் இருந்த இடத்திலும் உரிமையைக் காத்ததாலேயே இத்தீர்ப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: அதிகாரிகள் வீட்டுக்குள் வரலாமா?

பதில்: எல்லைக்கு 25 மைலுக்குள் தனியார் நிலத்தில் நுழையலாம், குடியிருப்புகளைச் சட்டமே விலக்குகிறது.

கேள்வி: விமான நிலையத்தில் கைப்பேசியைக் கேட்டால்?

பதில்: நாட்டுக்குள் நுழையும் வாயிலில் அவர்களின் அதிகாரம் மிகப் பெரிது. சுங்கத்துறையின் 2018-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, கையால் புரட்டிப் பார்க்கச் சந்தேகமே தேவையில்லை. கருவியோடு இணைத்து ஆராய, நியாயமான சந்தேகமோ தேசியப் பாதுகாப்புக் காரணமோ வேண்டும். கைப்பேசியில் இருப்பதை மட்டுமே பார்க்கலாம் என்பதால் இணைய இணைப்பைத் துண்டித்தாக வேண்டும். கடவுச்சொல்லைத் தர மறுக்கும் குடிமகனை உள்ளே விடாதிருக்க இயலாது, கைப்பேசியைப் பிடித்துவைக்கலாம். விசாவில் வருபவரையோ திருப்பி அனுப்பவும் கூடும். ஆகவே பயணத்துக்கு முன்பே அதில் எதை எடுத்துச் செல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.