தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விசாரணைக் கைதிகளுக்கு ஜாமீன் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2022இல் என் சித்தி மகள் பாலியல் வன்முறைக்கு ஆளானாள். அதைச் செய்தவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். இவள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் இருக்கிறாள். வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போகிறது. நிவாரணம் கேட்டால் "தீர்ப்பு வரட்டும்" என்கிறார்கள். அடுத்த மாதம் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள், நடுங்குகிறாள். கைதிக்குப் பேச நீங்கள் இருக்கிறீர்கள். இவளுக்கு யார்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

"தீர்ப்பு வரட்டும்" என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லிவிட்டார்கள். இழப்பீட்டுக்கும் தண்டனைக்கும் முடிச்சு கிடையாது. இதற்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 396. இரண்டுமே, குற்றம் செய்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாத வழக்கிலும், வழக்கு விடுதலையில் முடிந்தாலும்கூட, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற வழி வைத்திருக்கின்றன. வழக்கு நடக்கும்போதே இடைக்கால நிவாரணமும் கேட்கலாம்.

கேட்க வேண்டிய இடம் காவல் நிலையம் அல்ல. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். அதன் செயலாளருக்கு மனு எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ அறிக்கை, குற்றப்பத்திரிகை நகல், அடையாள அட்டை, வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்கட்டும். அப்பா, கணவர் பெயர் சேர்ந்த கணக்கில் பணம் விழுந்தால் அது அவள் கைக்கு வருமா என்பதே சந்தேகம். மனு கொடுத்ததற்கு எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகை வாங்குங்கள். இந்த மனு மீதான விசாரணையை 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஒப்புகை இல்லாவிட்டால் 2 மாதம் எப்போது தொடங்கியது என்று யாரிடமும் காட்ட முடியாது. உத்தரவு குறைவாகத் தோன்றினால் மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு உண்டு.

உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018ஆம் ஆண்டு தேசிய இழப்பீட்டுத் திட்டத்தில் பாலியல் வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம் வரை வரம்பு. இதில் எங்கே நிற்கும் என்பதை வேலை இழப்பு, மனநலச் சிகிச்சை, செலவு ஆகியவை தீர்மானிக்கின்றன. பலர் எஃப்.ஐ.ஆரை மட்டும் வைத்துவிட்டுக் கீழ் வரம்போடு திரும்பி வருகிறார்கள். அவளுடைய கடைசிச் சம்பளச் சீட்டு, ராஜினாமா கடிதம், ஆலோசகரிடம் போன ரசீதுகள், வாய்தாவுக்குப் போய்வந்த பேருந்துச் செலவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முழுத்தொகையை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்: 25 சதவீதம்தான் உடனே எடுக்க முடியும். மீதி 75 சதவீதம் குறைந்தது 3 ஆண்டு வைப்புநிதியில் இருக்கும். மருத்துவம், படிப்பு போன்ற அவசரத்துக்கு ஆணைக்குழுவிடம் தனியாக எழுதிக் கேட்கலாம்.

அவள் பட்டியலினத்தவராகவோ பழங்குடியினராகவோ இருந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வழக்கில் சேர்க்கப்பட்டிருந்தால், அதற்கான நிவாரணம் தனி.

சாட்சி சொல்வதற்கு வருகிறேன். மாஜிஸ்திரேட்டிடம் அவள் கொடுத்த 164 வாக்குமூலத்தின் சான்றிட்ட நகலுக்கு வழக்கறிஞர் மூலம் இப்போதே விண்ணப்பியுங்கள். வருடங்கள் கழித்து மணி எத்தனை, கதவு எந்தப் பக்கம் என்று கேட்கும்போது, அப்போது சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசத்தைத்தான் எதிர்த்தரப்பு பிடிக்கும். மறந்ததை ஊகித்துச் சொல்வதுதான் வழக்கைக் கெடுக்கிறது. "நினைவில்லை" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அவளுடைய முந்தைய உறவுகள், நடத்தை பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும்.

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கூண்டுக்கு முந்தைய 2 மணி நேரத்துக்குத்தான் பயம்: வராந்தாவில் ஒரே பெஞ்சு, எதிரே அவன், சுற்றி அவன் வீட்டு ஆட்கள். இதற்காகத்தான் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான மையம் வேண்டும் என்றது. பாலியல் குற்றத்துக்கு ஆளான எந்த வயதினரும் அதில் அடக்கம். தனிக் காத்திருப்பு அறை, அவனைப் பார்க்காமல் சாட்சியம் அளிக்கும் ஏற்பாடு ஆகியவை அங்கே உண்டு. ஆனால் கேட்காமல் நடக்காது. அரசு வழக்கறிஞர் மூலம் விசாரணைத் தேதிக்கு முன்பே மனுப் போடுங்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். அவர்களை அங்கே வைத்திருப்பதும் உங்கள் தங்கையைச் சாட்சிக் கூண்டுக்கு வரவிடாமல் இழுத்தடித்ததும் ஒரே தாமதம். குற்றப்பத்திரிகை தாக்கலான 2 மாதத்தில் இத்தகைய விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவளுக்குரிய பணம், சிகிச்சை, தகவல் எதுவும் வந்து சேராதபோது அவன் சிறையில் இருப்பது மட்டுமே அவளுக்கு நீதியாக மிஞ்சுகிறது. அதனால்தான் அவனுக்குக் கிடைத்த ஜாமீன் அவளிடமிருந்து பறித்ததுபோல வலிக்கிறது. எளிதான ஜாமீனைக் கேட்கும் நான், அவளைக் கேட்காத ஜாமீனைக் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று 2022 ஏப்ரலில், உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்ட லக்கிம்பூர் கேரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவனோ அவன் ஆட்களோ மிரட்டினால் தேதி, நேரம், அழைப்பு எண் குறித்துவைத்து ஜாமீன் ரத்துக்கு மனுக் கொடுங்கள்.

யார் பேசுவது என்று கேட்டீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சிறையில் இருப்பவருக்கும், வருமானம் எதுவானாலும் எல்லாப் பெண்களுக்கும் இலவச வழக்கறிஞர் தருகிறது. இழப்பீட்டு மனு கொடுக்கப் போகும்போதே, அரசுத் தரப்புக்குத் துணையாக நிற்க ஒரு பெண் வழக்கறிஞர் வேண்டும் என்று இரண்டாவது மனுவையும் எழுதிக் கொடுங்கள். போவதற்கு முன் சட்ட உதவி எண் 15100க்கு அழைத்து அலுவலகம் எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாட்சித் தேதிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே போங்கள்.