நாசிக்கில் திராட்சைத் தோட்டம், நம்மூரில் பனங்காடு: விருந்தாளிகளை எங்கே கூட்டிப்போகலாம்?

கேள்வி: அண்ணாச்சி, நாசிக்கில் இருக்கும் நண்பர்கள் போன வருஷம் எங்களை அங்குள்ள வைன் தோட்டங்களுக்குக் கூட்டிப்போனார்கள். கொடியைக் காட்டி, பீப்பாயைக் காட்டி, நாலைந்து வகையை ருசி பார்க்கவும் கொடுத்தார்கள். வருகிற மே மாதம் அவர்கள் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நம் மண்ணில் விளைந்து, விளைந்த இடத்திலேயே ருசிக்கிற மாதிரி இங்கே என்ன இருக்கிறது?

பதில்: தாராளமாக இருக்கிறது. திராட்சைதான் வேண்டும் என்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். நமக்கு வாய்த்தது பனை. உடன்குடி, குலசேகரன்பட்டினம், சாத்தான்குளம், திசையன்விளை என்று தேரிக்காட்டை, அதாவது செம்மணல் மேடுகளை, ஒட்டிய ஊர்களில் ஒரு காலைப்பொழுதைச் செலவழித்தால் போதும், உங்கள் நண்பர்கள் ஆயுசுக்கும் மறக்கமாட்டார்கள். இதில் உடன்குடி, சாத்தான்குளம் பக்கமெல்லாம் 1986-ல் மாவட்டம் பிரிந்தபோது தூத்துக்குடிக்குப் போய்விட்டது. ஆனாலும் மண்ணும் பேச்சும் நெல்லைச் சீமைதான்.

மே மாதம் என்பது நல்ல நேரம். பங்குனி, சித்திரையில் பனையின் பூங்குலையான பாளையைச் சீவுவது சூடுபிடித்து, ஆடி வரை பதநீர் இறங்கும். மழைக்காலத்தில் வந்திருந்தால் மரத்தை மட்டும்தான் காட்டியிருக்க முடியும்.

வைன் தெரிந்தவர்களுக்குப் பதநீரைப் புரியவைப்பது சுலபம். திராட்சைச் சாறு புளித்தால் வைன். பனம்பாளைச் சாறு புளித்தால் கள். இரண்டிலும் வேலை செய்வது ஈஸ்ட்தான். பாளையிலிருந்து சாறு சொட்டத் தொடங்கியதுமே ஈஸ்ட் தன் வேலையை ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் அடங்கிவிடும், சாறு இனிப்பாகவே நிற்கும். இந்தச் சுண்ணாம்பை எவ்வளவு தடவுவது என்பதில்தான் பனையேறியின் கைப்பக்குவம் இருக்கிறது. குறைந்தால் வெயில் ஏறுமுன்பே புளிப்பு தட்டும். கூடினால் நாக்கில் சுருக்கென்று பிடிக்கும், கலங்கலாகவும் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு பேரிடம் வாங்கிக் குடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கள் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. விருந்தாளியின் ஆசைக்காக நாம் கேட்டுவைத்தால், மாட்டிக்கொள்வது மரமேறுகிறவர்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து இருட்டோடு கிளம்புங்கள். திருச்செந்தூர் போய், அங்கிருந்து உடன்குடிக்கு 15 கிலோமீட்டர் போல. விடிந்ததும் பதநீர் இறக்குவார்கள். எட்டு, எட்டரைக்குள் குடித்துவிடுவது நல்லது. போர்டு, டிக்கெட், வழிகாட்டி எதுவும் இங்கே இருக்காது. ஆகவே அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் மூலம் பனையேறி ஒருவரிடம் முந்தின நாளே சொல்லிவையுங்கள். அவர் ஏறும்போது கீழேயிருந்து பேச்சுக்கொடுக்கக் கூடாது, போட்டோவுக்காக நிற்கச் சொல்லவும் கூடாது. காலில் ஒரு தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, அவ்வளவுதான் அவருக்குத் துணை. கை தவறினால் உயிர் போகிற தொழில். கேட்ட விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

குடிப்பதற்கு பிளாஸ்டிக் டம்ளர் கொண்டுபோகாதீர்கள். பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஓலையின் பச்சை வாசம் பதநீரோடு சேர்ந்தால்தான் ருசி முழுமையாகும். முதல் மடக்கை வெறுமனே குடிக்கட்டும். அப்புறம் இளம் நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிக்கலாம். அடியில் வெள்ளையாகத் தங்குவது சுண்ணாம்பு. அதைக் குடிக்காமல் விட்டுவிடுங்கள். தேரிப் பக்கத்துப் பதநீருக்கு இனிப்பு தூக்கல் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். என் நாக்கும் அதை ஒத்துக்கொள்கிறது.

பதநீர் குடித்த கையோடு விடிலிக்குப் போங்கள். பதநீர் காய்ச்சுகிற ஓலைக்குடிசைதான் விடிலி. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் அடுப்படியில் நிற்பார்கள். வைன் தோட்டத்தில் பீப்பாய் அறை எப்படியோ, இங்கே இதுதான் இதயம். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள். வெளுப்பாக இருந்த பதநீர் மெல்லப் பொன்னிறமாகி, பழுப்பாகி, பாகாகும். பதம் பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். உருண்டு நின்றால் இறக்கிவிட்டு, துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். அடிப்பாகை ஓலைத்துண்டால் வழித்துச் சூட்டோடு நக்கிப் பாருங்கள். புகை, இனிப்பு, லேசான உப்பு மூன்றும் ஒன்றாக நாக்கில் நிற்கும். அந்த ருசியைக் கடையில் வாங்க முடியாது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு லிட்டர் அளவுக்குப் பதநீர் வேண்டும். ஒரு சிரட்டைக்குப் பின்னால் எத்தனை ஏற்றம் இறக்கம் என்று நண்பர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பெயர் மட்டும் உடன்குடியாக இருந்து, உள்ளே சீனிப்பாகு கலந்த சரக்கும் சந்தையில் நிறைய ஓடுகிறது. நல்ல கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கலாக இருக்கும், கண்ணாடி மாதிரிப் பளபளக்காது. வாயில் மெதுவாகக் கரையும், இனிப்போடு ஒரு மெல்லிய கரிப்பும் வரும். பல்லுக்குக் கல்லாக இருந்து, வெறும் இனிப்பு மட்டும் அடித்தால் சந்தேகப்படுங்கள். இதெல்லாம் அனுபவக் கணக்குதான், பரிசோதனைக்கூடத்துக்குச் சமமாகாது. கண்முன்னே காய்ச்சுகிற விடிலியில் வாங்குவதுதான் என் யோசனை. முடியாவிட்டால் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். சுக்கும் மிளகும் சேர்த்த சில்லுக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஊருக்குக் கொண்டுபோகத் தோதானது அதுதான்.

பதநீரை பாட்டிலில் அடைத்து ரயிலில் கொண்டுபோக நண்பர்கள் ஆசைப்படலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சூட்டில் புளித்து வாயு சேர்ந்தால் மூடி தெறிக்கும், பாட்டில் வெடிக்கவும் கூடும். பாளையங்கோட்டை வரைக்கும் என்றால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, உடனே காய்ச்சி ஆறவைத்து அன்றைக்கே குடித்துவிடலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூட வந்தால் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும். பதநீரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரைதான். கருப்பட்டி என்பதால் நோய்க்கு ஆகும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

வாங்கிய கருப்பட்டியைப் பிளாஸ்டிக் பையிலேயே விட்டால் வியர்த்து ஒழுகும். ஓலைப்பெட்டியிலோ மண்பானையிலோ போட்டு, ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.